பூதப்பாண்டியில் பார்க்க என்ன இருக்கிறது?

நாஞ்சில் நாட்டில் எழுதப்படாத வழக்கம் ஒன்று உண்டு. வெளியூரிலிருந்து உறவினரோ நண்பரோ வந்து இறங்கினால், முதல்நாள் காலை கன்னியாகுமரியில் சூரிய உதயம். திரும்பும் வழியில் சுசீந்திரம். மறுநாள் பத்மநாபபுரம் அரண்மனை. நேரமிருந்தால் திற்பரப்பு அருவி. இந்தச் சுற்று முடிந்ததும் கையில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தையும் நேந்திரங்காய் வற்றலையும் கொடுத்து இரயிலேற்றி விடுவோம். இத்தனை ஆண்டுகளில் எத்தனையோ பேரை அவ்வாறு அழைத்துச் சென்றிருக்கிறோம். ஆனால் எங்கள் சொந்த ஊரான பூதப்பாண்டியை எவருக்கும் சுற்றிக் காட்டியதில்லை. காட்ட வேண்டும் என்று தோன்றியதுமில்லை.

சென்ற புரட்டாசியில் நண்பர்கள் நால்வர் வந்தார்கள். மதுரையிலிருந்து ஒரு தமிழாசிரியர், தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து நீர்ப்பாசனப் பொறியியல் படித்த ஒருவர், சென்னையில் பணிபுரியும் ஒருவர், திருநெல்வேலிக் கல்லூரியொன்றில் வரலாறு கற்பிக்கும் ஒருவர். எல்லோரும் இலக்கிய வாசகர்கள். வழக்கமான பட்டியலை நாங்கள் ஒப்பிக்கத் தொடங்கியதும் தமிழாசிரியர் இடைமறித்தார். "கன்னியாகுமரியை நாங்களே போய்ப் பார்த்துக்கொள்வோம். நீங்கள் பிறந்த ஊரைக் காட்டுங்கள். ஜீவா பிறந்த ஊர் அல்லவா?" என்றார். எங்கள் இருவருக்கும் பெருமையாகவும் இருந்தது, சற்றுச் சங்கடமாகவும் இருந்தது. ஊரைப் பற்றி ஒரு முழுநாள் பேசுவதற்கு நமக்கு என்ன தெரியும் என்ற சங்கடம்.

நாகர்கோவிலிலிருந்து வடக்கே ஏறத்தாழ 10 கிலோமீட்டர். இறச்சகுளம் தாண்டியதும் வயல்கள் விரிகின்றன. கன்னிப்பூ முற்றி அறுவடைக்கு நின்ற நேரம். பெயரைக் கேட்ட சென்னை நண்பர் ஏதோ மலரின் பெயர் என்று எண்ணிவிட்டார். கன்னிப்பூ, கும்பப்பூ என்பன எங்கள் பகுதியின் இரு நெற்போகங்கள். கொல்லம் ஆண்டுக் கணக்கில் புரட்டாசிக்குக் கன்னி என்றும் மாசிக்குக் கும்பம் என்றும் பெயர். அந்த மாதங்களில் அறுவடைக்கு வருவதால் போகங்களுக்கு அப்பெயர்கள் வாய்த்தன. கி.பி. 825இல் தொடங்கும் அந்த ஆண்டுக்கணக்கு அரசு அலுவலகங்களிலிருந்து மறைந்துவிட்டது. உழவர் வாயில் மறையவில்லை. 1956 நவம்பர் 1 வரை இது திருவிதாங்கூரின் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதியாக இருந்த மண் என்பதை, ஒரு நெல்வயலைச் சுட்டிக்காட்டியே விளக்கிவிட முடிந்தது எங்களுக்கே வியப்பாக இருந்தது.

வடகிழக்கே தாடகை மலை. மல்லாந்து கிடக்கும் ஒரு பெண்ணுருவம் போல முகமும் மார்பும் வயிறுமாகத் தெரியும் மலைத்தொடர். இராமன் அம்பால் வீழ்ந்த தாடகை இதுவே என்பது ஊர்க்கதை. அரக்கியாயினும் பெண்ணைக் கொன்ற பழி நீங்க இராமன் சிவனை வழிபட்டுத் தரிசனம் பெற்ற இடமே தெரிசனங்கோப்பு என்றும், அங்குள்ள இராகவேசுவரர் கோயில் அதனால் எழுந்தது என்றும் கதை நீளும். சிறுவயதில் மாடியில் படுத்துக்கொண்டு, மூக்கு எது, கூந்தல் எது என்று சண்டையிட்டதைச் சொன்னோம். மேகம் இறங்கியிருந்ததால் நண்பர்களுக்கு வயிறு மட்டுமே காணக் கிடைத்தது.

ஊருக்குள் நுழைந்ததும் இன்னொரு குழப்பம். வட்டாட்சியர் அலுவலகத்தின் பெயர்ப்பலகையில் 'தோவாளை' என்றிருக்கிறது. தோவாளை என்றால் பூச்சந்தை இருக்கும் ஊரல்லவா, அது நெடுஞ்சாலையில் வேறு பக்கமல்லவா என்று கேட்டார்கள். ஆம், வட்டத்தின் பெயர் தோவாளை, தலைமையிடம் பூதப்பாண்டி. பழைய தென்திருவிதாங்கூரின் தோவாளை, அகத்தீசுவரம் ஆகிய இரு வட்டங்களும் சேர்ந்ததே நாஞ்சில் நாடு. பெயர் ஓரிடத்திலும் கச்சேரி ஓரிடத்திலுமாக இருப்பது எங்களுக்கு இத்தனை நாள் விநோதமாகத் தெரியவில்லை. கேட்பவர் வந்தால்தான் கேள்வி பிறக்கிறது.

தேநீர்க் கடையில் பெரியவர் ஒருவர் எங்களை அடையாளம் கண்டு விசாரித்தார். ஊர் பார்க்க வந்திருக்கிறார்கள் என்றதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஏ மக்கா, இங்கன பாக்கதுக்கு என்ன கெடக்கு? கன்னியாரிக்குக் கூட்டிட்டுப் போவப்பிடாதா?" என்றார். அவரைக் குறை சொல்ல இயலாது. அதுவரை நாங்களும் அதைத்தானே சொல்லிக் கொண்டிருந்தோம்.

பூதலிங்கசுவாமி கோயிலிலிருந்து தொடங்கினோம். வெளிப்பார்வைக்கு, நாஞ்சில் நாட்டில் காணும் பிற கற்றளிகளைப் போன்றே மண்டபங்களும் பிராகாரமுமாகத் தோன்றும் கோயில் இது. உள்ளே செல்லச் செல்லத்தான் அதன் வேறுபாடு புலப்படும். கருவறை கட்டப்பட்டதன்று, பாறையைக் குடைந்து ஆக்கப்பட்டது. முற்காலப் பாண்டியரின் குடைவரைக் கலை தென்கோடியில் விட்டுச்சென்ற அடையாளங்களுள் ஒன்றாக இதனை ஆய்வாளர் கருதுவர். மேற்கே திருநந்திக்கரையிலும் ஒரு குடைவரை உண்டு. குடைவரைக்கு முன்னால் பிற்காலத்தார் மண்டபத்தின் மேல் மண்டபமாகச் சேர்த்துக்கொண்டே வந்ததில், மூலமான பாறை பார்வையிலிருந்து ஒதுங்கிவிட்டது. தைத் திருவிழாவில் தேர் வடம் பிடித்த காலம் தொட்டு இக்கோயிலுக்குள் ஓடி விளையாடிய நாங்கள், சுவாமி ஒரு மலைக்குள் இருக்கிறார் என்பதை ஒரு செய்தியாக எண்ணியதே இல்லை. தஞ்சை நண்பர் சுவரில் கைவைத்துப் பார்த்து, "இது சுவரில்லை, பாறை" என்று சொன்ன பிறகுதான் நாங்களும் தொட்டுப் பார்த்தோம்.

இவ்விடத்தில் ஏன் ஒரு பாண்டியக் குடைவரை? வரைபடத்தை மனத்தில் விரித்தால் விடை கிடைக்கும். பாண்டிய நாட்டிலிருந்து மலைநாட்டுக்குள் படை நுழையத் தோதான வழி ஆரல்வாய்மொழிக் கணவாய். கணவாயைக் கடந்தால் கிடைக்கும் முதல் நெல்வயல் நாஞ்சில் நாடு. எனவே இம்மண்ணுக்காகப் பாண்டியரும் ஆய் மன்னரும் சேரரும் சோழரும் மாறி மாறிப் பொருதனர். 8ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டியன் மாறஞ்சடையனின் படை மலைநாட்டின் மேற்சென்று சடையன் கருநந்தன் என்னும் ஆய் மன்னனின் கோட்டையை அழித்ததைக் கழுகுமலைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. ஆய்குலம் அத்துடன் முடிந்துவிடவில்லை. 866இல் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலும் வேதம் பயில்வோருக்கான சாலையும் அமைத்ததைச் செப்பேடு கூறுகிறது. பின்னர் முதலாம் இராசராசன் வந்தான். கோட்டாறு மும்முடிச் சோழபுரம் ஆயிற்று. 'இராசராசப் பாண்டிநாட்டு உத்தமசோழ வளநாட்டு நாஞ்சில் நாடு' என்று சோழர் கல்வெட்டுகள் எங்கள் முகவரியை எழுதின. முதலாம் குலோத்துங்கன் கோட்டாற்றில் ஒரு நிலைப்படையையே நிறுத்தினான். ஆளாளுக்குப் பெயர் மாற்றினார்கள். சோழர் இட்ட பெயர்கள் கல்வெட்டோடு நின்றன. பாண்டியர் பெயர்கள் ஊர்வழக்கில் தங்கின. பூதப்பாண்டி, அழகியபாண்டியபுரம், பாண்டியன் கால் எனச் சுற்றுவட்டாரத்தில் இன்றும் அப்பெயர் ஒலிக்கிறது.

பெயர் என்றதும் தமிழாசிரியர் நிமிர்ந்தார். அவர் இதற்காகவே காத்திருந்திருக்க வேண்டும். "இந்தப் பூதப்பாண்டி, புறநானூற்றுப் பூதப்பாண்டியன்தானே?" என்றார். "அவரேதான்" என்று நாங்கள் இருவரும் ஒரே குரலில் சொன்னோம். பள்ளியில் அப்படித்தான் கற்றோம். "எதை வைத்துச் சொல்கிறீர்கள்?" என்பது அவருடைய அடுத்த கேள்வி.

கோயில் திண்ணையில் அமர்ந்து அந்த வழக்கை நடத்தினோம். புறநானூற்றின் 71ஆம் பாடலைப் பாடியவன் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன். அகநானூற்றின் 25ஆம் பாடலும் அவனுடையது. புறப்பாடல் ஒரு வஞ்சினம். பகைவரைப் போரில் புறங்காணேனாயின் என் மனைவியைப் பிரிந்தவன் ஆகுக, முறை தவறிய அரசன் என்ற பழி வந்து சேர்க, உயிர்நண்பர்களின் கூட்டத்தை இழந்தவன் ஆகுக, மறுபிறப்பில் இத்தென்னாட்டைக் காக்கும் பேறின்றி ஏதோ ஒரு வன்னிலத்தைக் காப்பவன் ஆகுக என்று தன்னைத்தானே சபித்துக்கொள்கிறான். நண்பர்களைப் பெயர் பெயராகச் சொல்கிறான். தனக்கு நேரக்கூடிய துன்பங்களில் முதலாவதாக மனைவியின் பிரிவை வைக்கிறான்.

அந்த மனைவியின் பாடல்தான் 246. பெயர் கிடைக்கவில்லை, பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டு என்றே அறிகிறோம். கணவன் இறந்தபின் தீப்பாய முனைந்தவளைச் சான்றோர் தடுக்கிறார்கள். நெய் தொடாமல் வேளைக்கீரையும் நீர்ச்சோறும் எள்துவையலும் உண்டு, பாயுமின்றிப் பரற்கற்களின்மேல் படுத்துக் கிடக்கும் கைம்மை வாழ்வைச் சுட்டி, அப்படி வாழ்வோரில் ஒருத்தியல்லள் நான், எனக்கு ஈமத்தீயும் தாமரைப் பொய்கையும் ஒன்றே என்கிறாள். ஈரக்கூந்தல் முதுகில் தாழ அவள் நடந்து சென்றதை மதுரைப் பேராலவாயர் 247ஆம் பாடலில் கண்டு பாடுகிறார். எங்கள் ஊரில் இப்பாடலைக் கற்புக்கு எடுத்துக்காட்டாகவே மேடைகளில் சொல்லக் கேட்டிருக்கிறோம். திருநெல்வேலி நண்பர் வேறொன்றைக் கவனித்தார். அவள் வருணிப்பதில் பெரும்பகுதி கைம்பெண் உண்ட உணவும் படுத்த தரையும்தானே. அந்த வாழ்வு எத்தனை கொடியதாக இருந்தால் ஓர் அரசி தீயைக் குளமென்று சொல்வாள் என்று கேட்டார். நாங்கள் அப்பாடலை அப்படிப் படித்ததில்லை.

வழக்குக்குத் திரும்புவோம். அரசனின் அடைமொழியில் வருவது ஒல்லையூர். அதனைப் புதுக்கோட்டை மாவட்டத்து ஒலியமங்கலமாக அறிஞர் அடையாளம் காண்கின்றனர். ஒல்லையூர்க் கூற்றம் அப்பகுதிக் கல்வெட்டுகளில் வருகிறது. இங்கிருந்து 200 கிலோமீட்டருக்கும் அப்பால். இப்பாடல்களிலோ அவற்றின் அடிக்குறிப்புகளிலோ நாஞ்சில் நாட்டு ஊர் எதுவும் குறிக்கப்படவில்லை. மறுபுறம், ஊரிலுள்ள இறைவன் பெயரிலேயே 'பூதம்' இருக்கிறது. ஊர்ப்பெயரின் முற்பாதி அங்கிருந்தும் பிற்பாதி பாண்டியர் ஆட்சியிலிருந்தும் வந்திருக்கவும் கூடும். பெயரொற்றுமை ஒன்றே சான்றாகாது என்று ஆசிரியர் தீர்ப்பளித்தார். எங்கள் முகம் வாடியிருக்க வேண்டும். அவரே ஆறுதலும் சொன்னார்: "நாஞ்சில் நாட்டுக்குச் சங்கப்பாட்டில் இடமில்லாமல் இல்லையே! நாஞ்சில் வள்ளுவன் இருக்கிறானே, அவன் போதாதா?"

உண்மைதான். புறநானூறு 137 முதல் 140 வரையிலான பாடல்கள் நாஞ்சில் மலைக்குரிய வள்ளுவனைப் பற்றியன. 140 ஔவையார் பாடியது. பறித்துவந்த கீரையுடன் சேர்த்துச் சமைக்கச் சிறிது அரிசி கேட்டால், அவன் தன் தகுதியை நினைத்து ஒரு யானையைக் கொடுத்துவிட்டான். இப்படியும் அறியாமையோடு கூடிய ஒரு கொடை உண்டா என்று சிரிக்கிறார் ஔவை. எங்கள் ஊருக்கு அருகே தாழக்குடிப் பக்கத்தில் ஔவையாரம்மனுக்குக் கோயில் இருக்கிறது. ஆடிச் செவ்வாய்க்கிழமைகளில் பெண்கள் திரளாகச் சென்று கூழும் கொழுக்கட்டையும் படைத்து வழிபடுவார்கள். அரிசி கேட்டு யானை பெற்ற புலவருக்கு, ஈராயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு அரிசிமாவையே படைக்கிறோம். அந்த அம்மன்தான் இந்தப் புலவர் என்று சான்று காட்ட முடியுமா என்று எவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவ்வழக்கிலும் தோற்றிருப்போம்.

நண்பகலுக்கு முன் பழையாற்றங்கரைக்குப் போனோம். இங்கே பேச்சு தஞ்சை நண்பரின் கைக்கு மாறியது. காவிரிக்கரைக்காரருக்கு இது ஓர் ஓடையாகத்தான் தெரியும் என்று அஞ்சியிருந்தோம். அவரோ ஆற்றைவிட ஆற்றின் கணக்கைக் கேட்டார். இத்தனை சிறிய ஆறு இத்தனை வயலுக்கு எப்படி நீர் தருகிறது? தருவது இவ்வாறு மட்டுமன்று. மேற்கே பறளியாற்றின் குறுக்கே பழங்காலத்தில் ஓர் அணை கட்டி, அந்நீரைப் பாறை வெட்டிய கால்வாய் வழியாகப் பழையாற்றுப் படுகைக்குத் திருப்பியிருக்கிறார்கள். பாண்டியன் அணை, பாண்டியன் கால் என்பன அவற்றின் பெயர்கள். ஓர் ஆற்றுப்படுகையின் நீரை இன்னோர் ஆற்றுப்படுகைக்குக் கொண்டுவருவது இன்றும் அரசுகள் திட்டமிட்டுத் திட்டமிட்டு முடிக்க இயலாத வேலை என்று நண்பர் வியந்தார். பின்னர் மார்த்தாண்ட வர்மர் காலத்தில் புத்தன் அணை வந்தது. ஸ்ரீமூலம் திருநாள் ஆட்சியில் 1897 முதல் 1906 வரை பேச்சிப்பாறை அணை எழுந்தது. அதனைக் கட்டிய பொறியாளர் மிஞ்சினை மக்கள் 'மூக்கன் துரை' என்றார்கள். அணைக்கருகிலேயே அவரது கல்லறை இருக்கிறது. தோவாளைச் சானல், அனந்தனார் சானல், நாஞ்சில்நாட்டுப் புத்தனாறு என்று கிளைபிரிந்து ஓடிய நீரே 'நெற்களஞ்சியம்' என்ற பெயரை இந்நாட்டுக்கு ஈட்டித் தந்தது. இன்று அவ்வயல்களில் கணிசமான பகுதி வாழைக்கும் வீட்டுமனைக்கும் போய்விட்டது. வரும் வழியில் வயலிடையே எழுந்திருந்த எல்லைக்கற்களை நண்பர்களும் கண்டிருந்தார்கள்.

நீர் இருந்தால் விளைவு இருக்கும். விளைவு இருந்தால் வரி இருக்கும். வரி பற்றிய பேச்சில் அழகியபாண்டியபுரம் வந்து சேர்ந்தது. பூதப்பாண்டிக்கு வடமேற்கே சிறிது தொலைவிலுள்ள அவ்வூரின் பெரியவீட்டு முதலியார் குடும்பத்தில் பல நூற்றாண்டு ஓலைகள் காக்கப்பட்டு வந்தன. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை அவற்றின் அருமையை உணர்ந்து ஆராய்ந்தவர். பின்னாளில் அ.கா. பெருமாள் 'முதலியார் ஓலைகள்' என்ற பெயரில் அவற்றை நூலாக்கினார். அரசர் அனுப்பிய நீட்டுகள், நிலக்கணக்குகள், பஞ்சச் செய்திகள் எனப் பலவும் அவற்றில் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், ஒருபக்கம் மதுரை நாயக்கர் படை வந்து கொள்ளையிட, மறுபக்கம் திருவிதாங்கூர் அரசின் அதிகாரிகள் வரியை உயர்த்த, நாஞ்சில் நாட்டார் கூட்டம் கூடி முறைகேடான வரியைக் கொடுப்பதில்லை என்று முடிவெடுத்த செய்தி அக்காலத்து ஆவணங்களில் பதிவாகியுள்ளது. எங்கள் முன்னோர் அரசை எதிர்த்தவர்கள் என்று இதனை நாங்கள் சற்று உரத்த குரலிலேயே சொன்னோம்.

அதுவரை அதிகம் பேசாதிருந்த திருநெல்வேலி நண்பர், "அதே ஓலைகளில் அடிமை ஓலைகளும் உண்டல்லவா?" என்றார். உண்டு. வயலில் உழைத்த மனிதரை விலைபேசி எழுதிக்கொடுத்த ஓலைகள். திருவிதாங்கூரில் அடிமைமுறை 1855இல்தான் சட்டப்படி ஒழிந்தது. வரி கொடுக்க மறுத்த நாட்டாரும், ஆளை வாங்கி விற்ற நாட்டாரும் ஒரே கூட்டத்தார். முதல் பாதியை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்ள எங்களுக்கு எவரும் கற்றுத்தரவில்லை, தானாகவே வந்துவிட்டது.

மாலையில் தேர் ஓடும் தெருக்களில் நடந்தோம். ஓட்டு வீடுகள் சில எஞ்சியிருக்கின்றன. வீட்டமைப்பைக் கேட்டார்கள், மருமக்கள்வழி முறையைச் சொன்னோம். தந்தையின் சொத்து மகனுக்கன்றிச் சகோதரி மகனுக்குச் சேரும் அம்முறையின் சீரழிவைக் கவிமணி 'மருமக்கள்வழி மான்மியம்' என்று அங்கதமாகப் பாடியதையும், 1926இல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டம் அதற்கு முடிவு கட்டியதையும் சொன்னோம். பூதப்பாண்டியை அடுத்த வீரநாராயணமங்கலத்தில் பிறந்த நாஞ்சில் நாடனின் எழுத்தில் இத்தெருக்களின் சமையல்மணம் வரை பதிவாகியிருப்பதைச் சென்னை நண்பர் எங்களுக்கு நினைவூட்டினார்.

பிறகு ஜீவா. நண்பர்கள் வந்ததே அதற்காகத்தான். ப. ஜீவானந்தம் 1907 ஆகஸ்டு 21இல் இவ்வூரில் பிறந்தார். வீட்டார் இட்ட பெயர் சொரிமுத்து. வைக்கம் போராட்டம், சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயரின் குருகுலம், சிராவயல் ஆசிரமம், 1927இல் அங்கே அவரைக் காண வந்த காந்தி, சுயமரியாதை இயக்கம், பகத்சிங்கின் 'நான் ஏன் நாத்திகன்' நூலைத் தமிழாக்கியதற்காகச் சிறை, பொதுவுடைமை இயக்கம், 'ஜனசக்தி', 'தாமரை', கம்பனும் பாரதியும் முழங்கிய மேடைகள் என்று நீளும் அந்த வாழ்க்கையை வாசகர்கள் அறிவார்கள். 1963 ஜனவரி 18இல் அவர் மறைந்தபோது சுந்தர ராமசாமி எழுதிய 'காற்றில் கலந்த பேரோசை' இன்றும் தமிழின் சிறந்த அஞ்சலிகளுள் ஒன்று. 1952இல் சென்னை வண்ணாரப்பேட்டைத் தொகுதியிலிருந்து சட்டமன்றத்துக்குப் போனார் ஜீவா. அப்போது அவர் பிறந்த ஊர் அந்த மாநிலத்திலேயே இல்லை. அவருடைய பதவிக்காலம் முடியும் தறுவாயில்தான், 1956 நவம்பரில், பூதப்பாண்டி அவர் அமர்ந்திருந்த அவையின் ஆட்சி எல்லைக்குள் வந்து சேர்ந்தது.

இவ்வளவையும் நாங்கள் ஆர்வத்தோடு சொல்லி முடித்தபின் திருநெல்வேலி நண்பர் கேட்டார்: "அவர் ஏன் ஊரை விட்டுப் போனார்?"

அதை நாங்கள் சொல்லாமல் விட்டிருந்தோம். ஜீவாவின் வாழ்க்கையை எழுதியோர் அனைவரும் குறிப்பிடும் செய்திதான். ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த நண்பர்கள் அவருக்கு இளமையிலேயே உண்டு. அவர்கள் நடக்கக்கூடாத தெருவுக்குள், நுழையக்கூடாத இடங்களுக்குள் அவர்களை அவர் அழைத்து வந்தார். ஊர் கொதித்தது. வீட்டிலும் எதிர்ப்பு. அந்த நட்பை விட்டுவிடு என்று சொன்னபோது அவர் வீட்டை விட்டார். பின்னர் வைக்கத்திலும் சுசீந்திரத்திலும் நடந்த போராட்டங்களில் கலந்துகொண்டார். வைக்கம் போராட்டம் 1924 மார்ச் 30இல் தொடங்கியது. கேட்டது கோயிலைச் சுற்றியுள்ள தெருக்களில் நடக்கும் உரிமையை மட்டுமே. சுசீந்திரத்திலும் அதே கோரிக்கை. திருவிதாங்கூரின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறக்கப்பட்டது 1936 நவம்பர் 12இல், சித்திரைத் திருநாள் மகாராஜாவின் பிரகடனத்தால். மதுரை மீனாட்சி கோயிலில் நுழைவு நிகழ்ந்தது 1939 ஜூலை 8இல்.

நண்பர் சிறிது நேரம் தெருவின் நீளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். "எங்கள் தாத்தா 1936க்கு முன்னால் இந்த ஊருக்கு வந்திருந்தால், காலையில் நாம் உட்கார்ந்திருந்த திண்ணையில் உட்கார்ந்திருக்க முடியாது. இந்தத் தெருவில் நின்றிருக்கவும் முடியாது" என்றார். குரலில் கோபமில்லை. ஒரு தேதியைச் சரிபார்ப்பவரைப் போலச் சொன்னார். பதினைந்து ஆண்டுகளாக அவரை அறிவோம். எங்கள் வீடுகளில் உண்டிருக்கிறார், நாங்கள் அவர் வீட்டில் உண்டிருக்கிறோம். ஆயினும் அந்தத் தெருவில் அவருக்குப் பக்கத்தில் நின்றபோது எங்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஜீவாவைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு அடங்காத பிள்ளை என்பார்கள். பெரிய ஆள் ஆகிவிட்டார், என்ன இருந்தாலும் நம்ம ஊர்க்காரர் என்றும் பெருமையோடு முடிப்பார்கள். அடங்காதது எதற்கு என்று அவர்கள் சொன்னதில்லை, நாங்கள் கேட்டதுமில்லை. இன்று நாகர்கோவிலில் அவருக்கு அரசு கட்டிய மணிமண்டபம் இருக்கிறது. பூதப்பாண்டிக்காரர் என்று எங்கு சொன்னாலும், "ஜீவா ஊரா?" என்று கேட்டு மதிக்கிறார்கள். அந்த மதிப்பை நாங்கள் கூச்சமின்றிப் பெற்றுக்கொள்கிறோம். அவரைத் தங்கவிடாத ஊரும் இதுதான் என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் அது முறையான வரலாறாகும். யாரையும் பழிப்பதற்காக அன்று. அவர் வீட்டை விட்டுப் போனதையும் அழைத்து வந்த நண்பர்கள் எந்தத் தெருவுக்குத் திரும்பிப் போனார்கள் என்பதையும் விட்டுவிட்டால், மீதி எல்லாம் மணிமண்டபத்தில் தொங்கும் படத்துக்கு எழுதிய குறிப்பாகிவிடும்.

"இந்தத் தெருவை முழுதும் நடந்துவிடலாமா?" என்று நண்பரே கேட்டார். நடந்தோம். ஒரு முனையில் தொடங்கித் தேர் திரும்பும் மூலைகள் எல்லாவற்றையும் சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே வந்தோம். எவரும் எங்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாசலில் கோலப்பொடி உலர்ந்திருந்தது. ஒரு வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு பையன்கள் தெரு நடுவே கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். பந்து எங்கள் பக்கம் உருண்டு வர, நண்பர் எடுத்து எறிந்தார். "தேங்க்ஸ் மாமா" என்றான் ஒருவன். ஒரு நூற்றாண்டுக்கு முன் இதற்காகத்தான் ஒரு பையன் வீட்டை விட்டுப் போனான் என்று அந்தச் சிறுவனுக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இரவு நண்பர்களை இரயிலேற்றிவிட்டு இருவரும் திரும்பும்போது, பெரியவரின் கேள்வியை மீண்டும் எடுத்துக்கொண்டோம். பூதப்பாண்டியில் பார்க்க என்ன இருக்கிறது? மண்டபங்களுக்குப் பின்னால் மறைந்த ஒரு பாறை இருக்கிறது. சான்று போதாத ஓர் அரசனின் பெயர் இருக்கிறது. அவனுடைய தேவியின் பாடலை வேறுவிதமாகப் படிக்கலாம் என்ற பாடமும் எங்களுக்குக் கிடைத்திருக்கிறது. இன்னோர் ஆற்றிலிருந்து கடன்வாங்கிய நீர் இருக்கிறது. நடந்தே தீரவேண்டிய ஒரு தெரு இருக்கிறது. இவற்றில் எதுவும் புதிதாகத் தோண்டி எடுக்கப்பட்டதன்று. அனைத்தும் எங்கள் கண்முன்னே, காலடியிலேயே இருந்தவை. விருந்தினர் கேட்ட பிறகே அவற்றுக்கு விடைதேட வேண்டிய தேவை எங்களுக்கு ஏற்பட்டது.

அடுத்த தையில் தேரோட்டத்துக்கு வருவதாக நண்பர்கள் சொல்லியிருக்கிறார்கள். இம்முறை சுற்றைத் தெருவிலிருந்து தொடங்குவதாக முடிவு செய்திருக்கிறோம். ஜீவா ஏன் போனார் என்பதை அவர்கள் கேட்பதற்கு முன் நாங்களே சொல்லிவிட வேண்டும். அதன்பின் கோயிலுக்குள் சென்று பாறையைத் தொடலாம்; நேரமிருந்தால் கன்னியாகுமரிக்கும் போகலாம்.